நல்ல காலால் அடித்த பந்து

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கால் உடைந்து கிடந்த மாதங்களில் நான் எரிந்து விழாத ஆள் இல்லை. டொக்டரோடு வாய் காட்டினேன், நேர்ஸோடு முறைத்தேன், மனைவியை அழ வைத்தேன். இப்போது இடது காலை இன்னொரு கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எங்கள் தீவுப் பக்கத்துப் பெடியள் யாருக்காவது பந்து விளையாடிய பிறகு பாதத்தின் வெளி ஓரத்தில் நொந்தால், எண்ணெய் பூசிச் சமாளிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் அன்ரன். ஊர் சுருவில். பந்து விளையாடிச் சம்பளம் வாங்குகிறவன். ஊரில் பந்து உதைக்காத வீடு இல்லை, ஆனால் அதையே தொழிலாக வைத்துக் கொழும்புக் கழகமொன்றில் ஒப்பந்தத்தோடு இருந்தவன் நான் ஒருவன்தான். வலது காலால் அடிப்பவன், வலது ஓரமாக ஓடுகிறவன். வயது முப்பதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இந்த வயதில் ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த பருவத்துக்கு ஒருவனும் கூப்பிட மாட்டான். இதைத் தெரிந்துகொண்டு கீழே உள்ளதை வாசியுங்கள்.

என் கால் உடைந்தபோது யாரும் என்னை இடிக்கவில்லை. கொழும்பில் ஒரு ஆட்டம். ஓடிப் போய்ச் சட்டென்று திரும்பினேன், இடது பாதம் வெளிப்பக்கமாக மடிந்தது, உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். சுளுக்கு என்று நினைத்தேன். கழகத்தில் மருந்தடிக்கிற ஆள் ஓடி வந்து குளிர்மருந்தை விசிறிவிட்டார். விறைத்த காலோடு மிச்ச ஆட்டத்தையும் விளையாடி முடித்தேன். உடை மாற்றப் போனபோது பூட்ஸைக் கழற்ற முடியவில்லை, பாதம் அவ்வளவுக்கு வீங்கிவிட்டது.

மறுநாள் எக்ஸ்ரேயில் ஒரு கோடு தெரிந்தது. மயிர் போல ஒரு கோடு. இதற்கா இவ்வளவு நோவு என்று எனக்கே வெட்கமாக இருந்தது. சின்ன விரலில் இருந்து குதிகால் பக்கமாகப் போகிற நீள எலும்பு அது. பாதத்தில் அப்படி ஐந்து எலும்புகள் இருக்கின்றன, வெளி ஓரத்தில் இருப்பது ஐந்தாவது.

கழக மனேஜர் போனில் நல்லாகத்தான் பேசினார். கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் செய்கிற கதை மட்டும் இரண்டு நாளில் அடங்கிவிட்டது. "நீ ஊருக்குப் போய்ச் செய், வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும், கால் சரியானதும் வா" என்றார். நானும் விசரன் மாதிரிச் சந்தோசப்பட்டுக்கொண்டு ரயில் ஏறினேன்.

யாழ்ப்பாணத்தில் எலும்பு கிளினிக்கில் காத்திருந்தது எனக்கு ஆட்டத்தை விடக் களைப்பு. இருக்கிற வாங்கு முழுக்கச் சனம். மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள், கிணற்றுக் கட்டில் வழுக்கியவர்கள், தலையில் கட்டோடு சின்னப் பிள்ளைகள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் காலைப் பார்த்துத் தங்கள் காலை நினைத்து ஆறுதல் அடைகிறார்கள். என் பாதத்தில் காயமே இல்லாதபடியால் என்னை ஒருவரும் மதிக்கவில்லை.

டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதிகம் கதைக்காத மனிதர்.

"எந்த இடத்தில விளையாடுறனீர்?"

"வலது விங் டொக்டர்."

"ம். இந்த எலும்பு முறிஞ்ச இடம் சரியில்லை. இந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் குறைவு. தண்ணி காணாத மூலையில பயிர் வளராது தானே, அப்பிடித்தான். வீட்டில இருக்கிற ஆளெண்டால் பிளாஸ்ரர் போட்டு விடுவன். நீர் ஓடி உழைக்கிற ஆள். எலும்புக்குள்ளால நீளமா ஒரு ஸ்குறூ விட்டு இறுக்கினால் கெதியாப் பொருந்தும், திரும்ப முறியிறதும் குறைவு."

"எப்ப விளையாடலாம்?"

அவர் சிரித்தார். "முதல்ல எலும்பைப் பொருந்த விடும்."

அறுவைச் சிகிச்சை அன்று முதுகில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றுமே இல்லை. என் வாழ்க்கை முழுக்க எனக்குச் சோறு போட்ட கால்கள், இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்கவும் ஏலாது, முன்னால் பச்சைத் துணி கட்டியிருந்தது. துளை போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. தச்சுப்பட்டறையில் கேட்கிற அதே சத்தம். ஸ்குறூ சரியாகப் போகிறதா என்று பார்க்க எக்ஸ்ரே யந்திரத்தை அடிக்கடி காலுக்கு மேலே கொண்டு வந்தார்கள். பக்கத்துத் திரையில் என் பாதம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது, அதற்குள் ஒரு கறுப்பு ஆணி மெல்ல மெல்ல உள்ளே போனது. நான் மாதாவைக் கூப்பிட்டேன். வாய்விட்டுத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும், தலைமாட்டில் நின்ற நேர்ஸ் என் நெற்றியில் கை வைத்தார்.

பிறகு வீடு. காலை நிலத்தில் ஊன்றக் கூடாது. என் மனைவி றஞ்சினி என்னைக் குளிக்க வார்த்தாள், காலுக்குப் பொலித்தீன் பை கட்டினாள், ஊன்றுகோல் வழுக்குகிறது என்று நிலத்தில் தண்ணீர் சிந்தாமல் குசினியில் இருந்து தானே எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனேஜர் முதலில் கிழமைக்கொரு தரம் எடுத்தார். பிறகு நான் எடுத்தால் பேசினார். பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் இடத்தில் ஒரு பெடியனை எடுத்துவிட்டார்கள் என்று கூட விளையாடுகிறவன் ஒருவன் சொன்னான்.

அடுத்த கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், எலும்பு ஒட்டத் தொடங்கியிருக்கிறது என்றார். அடி தடித்த சப்பாத்து ஒன்று தந்தார். "இதைப் போட்டு மெல்ல நடவும். ஓடக் கூடாது. இந்தக் காலால பந்தைத் தொடவே கூடாது." இந்தச் சொற்களை நான் மட்டுமா கேட்டேன், கூட வந்த றஞ்சினியும் கேட்டாள், ஊருக்கு வந்து எல்லோருக்கும் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர்க் கழகத்தின் ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி வந்தது. தீவுப் பகுதியில் இது தெரியாதவர் இல்லை. இறுதியாட்டத்துக்கு ஒரு பிரதம விருந்தினரைக் கூப்பிடுவார்கள். அவருக்கு மாலை போட்டு, இரண்டு அணியும் வரிசையாக நிற்க ஒவ்வொருவராகக் கை கொடுக்க வைத்து, நடுவில் பந்தை வைத்து, முதல் உதையை அவரைக் கொண்டு உதைப்பிப்பார்கள். வழக்கமாக லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ வந்த ஒருவர், இல்லையென்றால் ஒரு அதிபர் அல்லது பாதர். அந்த முறை வர இருந்தவருக்குப் பயணம் சரிவரவில்லை. கழகச் செயலாளர் பிலிப்பு அண்ணை வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, இந்த முறை நீர்தான் பிரதம விருந்தினர்."

"அண்ணை, விளையாடுறவனுக்கு மாலை போட்டால் சனம் சிரிக்கும்."

"ஏன் சிரிக்கும்? எங்கட ஊரில இருந்து சம்பளத்துக்கு விளையாடுற ஒரே ஆள் நீர். காலும் முறிஞ்சு கிடக்கிறீர். இந்த நேரத்தில உம்மை மதிக்காமல் எப்ப மதிக்கிறது?"

நான் காலைக் காட்டினேன்.

"உதைக்கிறது வலது காலால தானே? முறிஞ்ச கால் பந்தில படவே போறேல்ல. டொக்டர் அதைத்தானே சொன்னவர்?"

றஞ்சினியும் சொன்னாள். "போயிட்டு வாங்கோ. வீட்டுக்குள்ள இருந்து போனைப் பாத்துப் பாத்து விசர் பிடிக்கப் போகுது உங்களுக்கு. நல்ல காலால ஒருக்காத் தட்டிவிட்டுக் கதிரையில வந்து இருங்கோ."

எங்கள் ஊரில் எல்லோரும் பந்து தெரிந்தவர்கள். பந்தைத் தவிர வேறொன்றும் தெரியாதவர்கள் என்றும் சொல்லலாம். ஒருவருக்கும் பிழையாகப் படவில்லை. எனக்கும் படவில்லை.

சனம் வந்திருந்தது. புளியங்கூடல் பக்கத்தில் இருந்தும் சரவணைப் பக்கத்தில் இருந்தும் வந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் என் பெயரை மூன்று நாலு விதமாகச் சொன்னார்கள். கழுத்தில் மாலை, ஒரு காலில் சாதாரணச் சப்பாத்து, மற்றக் காலில் ஆஸ்பத்திரிச் சப்பாத்து. பெடியளுக்குக் கை கொடுத்துக்கொண்டு போனேன். பந்தை வைத்தார்கள். மெல்லத் தட்டுவது என்றுதான் போனேன், சத்தியமாக. ஆனால் விசில் ஊதினதும், சனம் "அன்ரன், அன்ரன்" என்று கூப்பிட்டதும், எத்தனையோ கிழமைக்குப் பிறகு பந்து என் முன்னால் இருந்ததும் சேர்ந்து, உடம்பு என்னைக் கேட்காமல் தன் பாட்டுக்கு வேலை செய்தது. இரண்டடி வைத்தேன். இடது காலைப் பந்துக்குப் பக்கத்தில் ஊன்றினேன். வலது காலால் விளாசினேன்.

பந்து உயரமாகப் போனது. தடித்த சப்பாத்து அந்தக் கட்டாந்தரையில் பக்கவாட்டில் சரிந்தது. 'டக்' என்றது.

சனம் கைதட்டியது. நான் ஒற்றைக் காலில் நின்றேன். கழகத் தலைவர் என் தோளில் கை போட்டுக் கதிரைக்குக் கூட்டிப் போனார், நான் அவர் மேல் சாய்ந்து போனதை அவர் அன்பு என்று நினைத்திருப்பார். பிரதம விருந்தினர் இடையில் எழும்பிப் போக ஏலாது. ஆட்டம் முழுக்க முன் வரிசையில் மாலையோடு இருந்தேன். சோடா தந்தார்கள், குடித்தேன். இடைவேளையில் பேசச் சொன்னார்கள், எழும்பாமல் இருந்தபடியே பேசினேன், என்ன பேசினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கடைசியில் கிண்ணம் கொடுக்க எழுப்பினார்கள். படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் சிரிக்கிறேன். அதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு என்னைக் கண்டால் எரிச்சலாக இருக்கும்.

எல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகுதான் பிலிப்பு அண்ணையின் கையைப் பிடித்துச் சொன்னேன். "அண்ணை, கால் போயிட்டுது."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். பிறகு எழும்பி ஓடிப் போய் ஓட்டோ ஒன்று பிடித்து வந்தார், றஞ்சினியும் ஏறினாள். யாழ்ப்பாணத்துக்குப் பண்ணைப் பாலத்தால் போகும்போது ஒவ்வொரு குழிக்கும் றஞ்சினி என் பாதத்தைத் தன் மடியில் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

புதுப் படத்தில் ஸ்குறூ வளைந்திருந்தது. முன்பு மயிர் போல இருந்த கோடு இப்போது வாய் திறந்து நின்றது. டொக்டர் படத்தை மேசையில் எறிந்தார்.

"ஆர் உம்மைப் பந்தடிக்கச் சொன்னது?"

"நல்ல காலால தான் அடிச்சனான் டொக்டர்."

அவர் கதிரையில் இருந்தார். கோபம் போய், களைத்துப் போன ஒரு குரல் வந்தது.

"அடிச்ச கால் ஆகாயத்தில. அந்த நேரம் உம்மட முழு உடம்பையும் ஆர் தாங்கினது? ஊன்றின கால் தானே? உடம்பு திரும்பேக்க அந்தப் பாரம் முழுக்கப் பாதத்தின்ர வெளிக்கரையில போய் இறங்கும். பந்துக்காரருக்கு இந்த எலும்பு முறியிறது கூடுதலா ஊன்றுற காலிலதான். உமக்கு முதல்ல முறிஞ்சதும் அப்பிடித்தானே? நான் தான் வடிவாச் சொல்லியிருக்க வேணும். மற்றக் காலால பந்தடிப்பீர் எண்டு நான் நினைக்கேல்ல."

இருபது வருசமாகப் பந்து உதைக்கிறேன். எந்தக் கால் வேலை செய்கிறது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டாவது அறுவையில் வளைந்த ஸ்குறூவைக் கழற்றி, அதை விடத் தடித்ததொன்றைப் போட்டார்கள். இடுப்பெலும்பில் இருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து, உடைந்த இடத்தில் அடைத்தார்கள். எலும்பு வளராத இடத்தில் இன்னொரு இடத்து எலும்பை நட்டு வளர்க்கப் பார்ப்பது. முதுகு ஊசியின் விறைப்பு விட்டதும் காலை விட இடுப்புத்தான் உயிரை எடுத்தது. இருமினால் நோகும், சிரித்தால் நோகும். சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை என்பது வேறு.

பக்கத்துக் கட்டிலில் நெடுந்தீவில் இருந்து வந்த ஞானம் அண்ணை. மாடு முட்டி விழுந்து தொடை முறிந்தவர். ஆறுதல் சொல்வதில் மன்னன்.

"தம்பி, கால் இருக்குதெல்லோ? எழும்பி நடப்பீர். அது காணும்."

நடந்தால் போதும் என்கிற அந்த 'அது காணும்' தான் என்னைக் கொன்றது. நேர்ஸும் சொன்னார், நடப்பீங்கள், அது காணும். பாதர் வந்து செபம் சொல்லிவிட்டு அதையே சொன்னார். பிலிப்பு அண்ணை தோடம்பழப் பையோடு வந்தார், கட்டில் காலடியில் நின்றார், பையை வைத்துவிட்டுப் போனார். அவர் ஒருவர்தான் அதைச் சொல்லவில்லை, பாவம், அவரால் வாய் திறக்கவே ஏலவில்லை.

றஞ்சினி ஒவ்வொரு நாளும் பார்வை நேரத்துக்குப் பஸ்ஸில் வந்தாள். புட்டும் மீன் குழம்பும் கட்டிக்கொண்டு வருவாள். சாப்பாடு சிந்தாமல் இருக்கப் பஸ் கொண்டக்டர் முன் சீட்டை அவளுக்குப் பிடித்து வைத்திருந்தாராம். ஒரு நாள் புட்டைப் பிசைந்துகொண்டே அவளும் சொன்னாள்.

"நீங்கள் எழும்பி நடந்தால் எனக்குக் காணும். பந்து இல்லாட்டிலும் பறவாயில்லை."

நான் சாப்பாட்டைத் தள்ளிவிட்டேன். குழம்பு விரிப்பில் ஊற்றுப்பட்டது.

"உமக்குப் பறவாயில்லை. ஊருக்கும் பறவாயில்லை. எனக்குப் பறவாயில்லையோ எண்டு ஆராவது கேட்டனீங்களோ? நான் நடக்கிறதுக்கோ பிறந்தனான்? நடந்து என்ன செய்யிறது, கடைக்குப் போறதோ?"

வாட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஞானம் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு நித்திரை மாதிரிக் கிடந்தார். றஞ்சினி விரிப்பைத் துடைத்தாள். மிச்சப் புட்டைக் கட்டினாள்.

"நான் பயத்தில சொன்னனான்" என்றாள். "வேற என்ன சொல்லிறதெண்டு தெரியேல்ல."

போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த பயத்தை இப்போதும் விளக்கத் தெரியாது. கால் பொருந்தாது என்ற பயம் இல்லை. பொருந்திவிடும், எல்லோரும் சந்தோசப்படுவார்கள், நான் நொண்டாமல் நடப்பேன், என்னுடைய வாழ்க்கை முடிந்துபோனது ஒருவருக்கும் தெரியாமலே போய்விடும் என்ற பயம். போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு கிடந்தேன். செத்திருக்கலாம் என்று கூட நினைத்தேன். அதை மறைக்கவில்லை.

அடுத்த நாளும் அவள் அதே நேரத்துக்கு வந்தாள். நான் முழுவதையும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னும் நீளமான காத்திருப்பு. இந்த முறை டொக்டர் சொன்னதற்கு மேலால் நான் ஒரு விரலைக் கூட அசைக்கவில்லை. மாதாமாதம் படம். ஒவ்வொரு படத்திலும் கோடு கொஞ்சம் மங்கும், அல்லது மங்கவில்லை என்று எனக்குத் தோன்றும். என் கண்ணை நானே நம்பவில்லை. கொழும்புக் கழகம் புது ஆட்களோடு பருவத்தைத் தொடங்கிவிட்டது. அந்த ஆட்டங்களை நான் பார்க்கவில்லை.

போன கிழமைதான் கடைசிப் படம். கிளினிக்கில் கதவு திறந்தபடி, அடுத்த ஆட்கள் வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். டொக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்தார். கன நேரம் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"நல்லாப் பொருந்தியிருக்கு. கோடு இல்லை. இனி ஊன்றுகோல் வேண்டாம், வடிவா நடக்கலாம். சந்தோசம் தானே?"

எத்தனையோ மாதமாக நான் கேட்கக் காத்திருந்த கேள்வி ஒன்று இருந்தது. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவார். அதுதான் பயம். நான் தலையை ஆட்டி, ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, எழும்பப் போனேன்.

"இல்லை டொக்டர்," என்றாள் றஞ்சினி.

டொக்டர் திரும்பினார்.

"நடக்கிறது காணாது. இவர் விளையாட வேணும்."

டொக்டர் படத்தை மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இது இரண்டு தரம் முறிஞ்ச எலும்பு. ஓடலாம். பழைய மாதிரி விளையாடுவார் எண்டு என்னால உறுதி தர ஏலாது."

"உறுதி கேக்கேல்ல. என்ன செய்ய வேணுமெண்டு சொல்லுங்கோ. எந்தப் பயிற்சி, எவ்வளவு, எந்தச் சப்பாத்து, எப்ப ஓடிறது, எப்ப பந்தைத் தொடுறது. முந்தி ஒருக்கா நாங்கள் அரைகுறையாக் கேட்டுப் பிழை விட்டிட்டம். இந்த முறை ஊன்றுற காலுக்கும் சேத்துச் சொல்லுங்கோ."

டொக்டர் வாசலில் நின்றவர்களிடம் பொறுங்கோ என்று கையால் காட்டினார். கதிரையை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, பாதம் எப்படி நிலத்தில் விழுகிறது என்று தன் உள்ளங்கையை மேசையில் வைத்துக் காட்டத் தொடங்கினார். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கினாள்.

நான் அத்தனை சனத்துக்கு முன்னால் வாய்விட்டு அழுதேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.